சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எடை குறைந்த இருக்கைத் துணி, மெத்தை, விரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தைத் தாங்களே கட்டுகிறவர்கள் இறக்கையின் ஒவ்வொரு ரிவெட்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். உள்ளே போடும் துணியும் பஞ்சும் என்று வரும்போது மட்டும், "அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். நானும் முதல் விமானத்தில் அப்படித்தான் செய்தேன். பிறகு இருக்கை உறைகளைப் பிரித்தெறிந்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையின்போது கற்றவையும், அதன் பிறகு மற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. இரண்டு இருக்கை கொண்ட சிறு விமானத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

துணியிலும் பஞ்சிலும் எடை அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். இரட்டை இருக்கை விமானம் ஒன்றில் இருக்கைகளுக்கு 3 சதுர மீட்டர், பக்கச்சுவர்களுக்கு இரண்டரை, தரைக்கும் சாமான் அறைக்கும் ஒன்றரை என்று சுமார் 7 சதுர மீட்டர் துணி பிடிக்கும். சதுர மீட்டருக்கு 900 கிராம் எடையுள்ள தோலைப் போட்டால் 6.3 கிலோ ஆகிறது. 400 கிராம் கம்பளித் துணியைப் போட்டால் 2.8 கிலோதான். வித்தியாசம் மூன்றரைக் கிலோ. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ எடையுள்ளது என்பதால் இந்த மூன்றரைக் கிலோ கிட்டத்தட்ட 5 லிட்டர் எரிபொருளுக்குச் சமம். மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அது கால் மணி நேரப் பறப்பு. வானிலை கெட்டு வேறொரு ஓடுதளத்தைத் தேடிப் போகும் நாளில் அந்தக் கால் மணி நேரத்தின் அருமை தெரியும்.

துணியோடு கணக்கு முடிவதில்லை. பஞ்சு, பசை, பக்கப்பலகை, ஒலித்தடுப்பு, கொக்கிகள் என்று அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் எடை ஏறும். ஒரே அடியில் பத்துக் கிலோவை யாரும் ஏற்றுவதில்லை.

மொத்த எடை சரியாக இருந்தால் போதாதா? ஈர்ப்பு மையத்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். உள்துணியில் பெரும்பகுதி இருக்கைக்கும் அதன் பின்னாலும்தான் போகிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து 80 செ.மீ. பின்னால் மூன்றரைக் கிலோ ஏற்றினால், 340 கிலோ விமானத்தின் மையம் சுமார் 8 மில்லிமீட்டர் பின்னுக்கு நகரும். சிறு விமானங்களில் அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே சில அங்குலங்கள்தான். வால் கனத்த விமானம் வேகம் குறைந்து ஸ்டால் ஆகும்போது, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும்போது, மீட்பதற்குக் கடினமானது. எனவே சாமான் அறையில் துணியே வேண்டாம், பெயின்ட் போதும் என்பது என் கருத்து. அங்கே யாரும் உட்காரப் போவதில்லை.

விற்பனையாளர் எடையைச் சொல்வதில்லை. நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

துணியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றைச் சரியாக வெட்டிக்கொள்ளுங்கள். நகை நிறுக்கும் சிறு தராசில் வையுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை கிடைத்துவிடும். ஒன்பது கிராம் என்றால் 900. நான்கு என்றால் 400. அமெரிக்க விற்பனையாளர்கள் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். அதை 34ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிராமில் வந்துவிடும்.

நான் மாதிரித் துண்டுகள் அத்தனையையும் இப்படி வெட்டி, முதுகில் எடையை எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வது பலிக்காது. மெத்தென்று தடித்த துணி இலேசாக இருக்கும். வழவழவென்று மெல்லிய ரெக்சின் கனத்துக் கிடக்கும்.

சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குத் தீப்பற்றாத துணி சட்டப்படி வேண்டுமா?

அமெரிக்காவில் தொழிற்சாலை விமானங்களுக்கென்று வகுக்கப்பட்ட உள்துணி விதிகள், எக்ஸ்பெரிமென்டல் (சோதனை வகை) பிரிவில் பதிவாகும் சொந்தக் கட்டுமான விமானங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. வேறு நாட்டில் இருந்தால் உங்கள் ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தைத்து முடித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதால் தீ விட்டுவிடப்போவதில்லை. எரிபொருள் குழாய், மின்கம்பி, சூடான எஞ்சின் மூன்றும் உங்கள் காலிலிருந்து ஒரு மீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. வானத்தில் இறங்கி ஓட வழியில்லை. தீத்தடுப்பு இல்லாத துணியை என் விமானத்தில் ஏற்ற மாட்டேன். எடையைக் குறைப்பதற்காகக்கூட இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

கார் இருக்கைத் துணியிலும் தீத்தடுப்பு இருக்கிறதே, அது போதாதா?

போதாது. காருக்கான அமெரிக்க விதியின் எண் 302. அதில் துணியைப் படுக்கைவாட்டில் பிடித்துத் தீ வைக்கிறார்கள். தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவாமல் இருந்தால் தேறிவிடும். அதாவது, எரியலாம், மெதுவாக எரிந்தால் போதும். காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்க அவகாசம் கிடைத்தால் போதும் என்பது அந்த விதியின் கணக்கு.

விமானத் துணிக்கான சோதனையில் துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 விநாடி தீச்சுடரைக் காட்டுகிறார்கள். சுடரை எடுத்த பிறகு சராசரியாக 15 விநாடிக்குள் துணி தானே அணைய வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்தை, அதாவது சுமார் 20 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. உருகி விழும் சொட்டுகள் 5 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. தீ எப்போதும் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும் என்பதால் செங்குத்துச் சோதனை பல மடங்கு கடுமையானது. காருக்குத் தேறிய துணி இதில் மளமளவென்று எரிந்து முடிவதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே எரித்துப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். ஏழரை செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் துண்டுகள் வெட்டுங்கள். திறந்த வெளியில், காற்றடிக்காத நேரத்தில், கம்பியில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். கீழ் விளிம்பில் 12 விநாடி சுடரைக் காட்டிவிட்டு எடுங்கள். புகை முகத்தில் படாதபடி காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ரெக்சினின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும்.

முதல் விமானத்தில் நான் தரைக்குப் போட்டிருந்த நைலான் விரிப்பில் ஒரு துண்டை இப்படித் தொங்கவிட்டேன். சுடர் பட்ட ஐந்தாவது விநாடியில் விளிம்பு சுருங்கி, பளபளத்து, பாகுபோல் திரண்டது. பிறகு எரியும் சொட்டுகள் ஒவ்வொன்றாக, விழும்போதே 'விர்ர்' என்று ஒலியெழுப்பிக்கொண்டு மணலில் விழுந்து அங்கேயும் எரிந்தன. அந்த விரிப்பு என் கால்களுக்குக் கீழே 60 மணி நேரம் பறந்திருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்துக் கம்பளித் துணியைத் தொங்கவிட்டேன். முடி கருகும் நாற்றம் வந்தது, விளிம்பு கருத்துச் சுருண்டது. சுடரை எடுத்ததும் அணைந்துவிட்டது. கருகிய நுனியை விரலால் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உருகி ஒட்டவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் சிகரெட் லைட்டர் ஆய்வகத்துச் சுடர் இல்லை. தேறாத துணியை ஒதுக்கத்தான் இந்தச் சோதனை உதவும். தேறிய துணிக்கு இது சான்றிதழ் ஆகாது. இன்னொன்று, துணியைத் தனியாகவும், பஞ்சும் பசையும் சேர்த்து ஒட்டியபடியும் இரண்டு முறை எரித்துப் பாருங்கள். தனியாக அணைந்த துணி, பசை சேர்ந்ததும் எரியத் தொடங்கிவிடலாம்.

அப்படியானால் எந்தத் துணிதான் நல்லது?

எனக்குக் கம்பளி. இழைக்குள் நைட்ரஜனும் ஈரப்பதமும் அதிகம் என்பதால் இயல்பாகவே தீயை எதிர்க்கும்; பற்றுவதற்கு 570 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். உடம்பில் உருகி ஒட்டாது. வெயிலில் நின்ற விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் சுடாது, வியர்வையை இழுத்துக்கொள்ளும். பயணிகள் விமானங்களின் இருக்கைகளில் பல்லாண்டுகளாகக் கம்பளித் துணியும் கம்பளியோடு சிறிது நைலான் கலந்த துணியும் இருப்பது இதனால்தான். சதுர மீட்டருக்கு 350 முதல் 450 கிராமுக்குள் நல்ல துணி கிடைக்கும்.

தோல் அழகாக இருக்கும், நெடுநாள் உழைக்கும், தீயிலும் மோசமில்லை. எடைதான் அதன் குறை. விரும்புகிறவர்கள் இருக்கையின் ஓரங்களில் உரசும் இடத்தில் மட்டும் ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம். பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல் உண்மைத் தோலின் பாதி எடைக்குள் கிடைக்கிறது. விமானத்துக்கென்று சோதித்து விற்கும் வகையை வாங்கினால் அது நல்ல தேர்வுதான். ரெக்சின் வேண்டவே வேண்டாம். கனம், வெயிலில் சூடு, எரிந்தால் நச்சுப்புகை என்று மூன்று குறைகள். திறந்த காக்பிட்டில் மழையில் நனைகிற இருக்கைக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம்.

சாதாரணப் பருத்தித் துணிக்குத் தீத்தடுப்பு மருந்து அடித்தால் போதுமா?

கொஞ்ச நாளைக்கு. இந்த மருந்துகளில் பல தண்ணீரில் கரையும் உப்புகள். ஒரு முறை துவைத்தாலோ, வியர்வையும் மழையும் பட்டாலோ கரைந்து போய்விடும். சில உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். இழையிலேயே தீத்தடுப்பு உள்ள துணியை வாங்குவது மேல். மருந்துதான் வழி என்றால், துவைக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி அடிக்க வேண்டும் என்று விமானத்தின் பராமரிப்பு ஏட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் விமானத்தை வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

இருக்கைக்குள் என்ன பஞ்சு வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சோபாவுக்குப் போடும் மெத்தென்ற நுரைப்பஞ்சு விமான இருக்கைக்கு ஆபத்தானது. காரணம் எளிது. விமானம் கடினமாகத் தரையில் மோதும்போது இருக்கைத் தட்டு சட்டென்று நின்றுவிடுகிறது. பஞ்சின் மேல் இருக்கும் உங்கள் உடல் பஞ்சு முழுதும் நசுங்கும்வரை கீழே வந்துகொண்டே இருக்கும். நசுங்கி முடிந்ததும் தட்டில் போய் இடிக்கும். அந்த அடி, பஞ்சே இல்லாமல் வெறும் தட்டில் உட்கார்ந்திருந்தால் விழுவதைவிடக் கடுமையாக முதுகெலும்பில் விழக்கூடும். அதற்குள் உடல் கீழே போய்விட்டதால் இடுப்புப் பட்டையும் தளர்ந்துவிடும்.

இதற்கு மாற்று, மெதுவாக நசுங்கி மெதுவாக எழும் நுரை. 1966இல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. இன்று படுக்கைக் கடைகளில் மெமரி ஃபோம் என்று விற்பது இதன் வாரிசுதான். ஆனால் படுக்கை நுரையின் தரமும் விமான நுரையின் தரமும் வேறு. விமானத்துக்குப் பலரும் வாங்குவது கான்ஃபோர் என்ற வகை. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம்பிரித்து விற்கிறார்கள். மஞ்சள் மிக மென்மை, பச்சை மிகக் கடினம். அடியில் கடினமானதும் மேலே மென்மையானதுமாக அடுக்கி ஒட்டுவது வழக்கம். மெதுவாக அழுத்தினால் இளகிக் கொடுக்கும், திடீரென்று குத்தினால் கட்டைபோல் எதிர்க்கும். விரல் நுனியால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் சில விநாடி அப்படியே நின்று மெல்ல நிரம்பும்.

குறை அதன் எடைதான். கன மீட்டருக்கு 95 கிலோ அளவில் இருக்கும். 45 செ.மீ. சதுரத்தில் 10 செ.மீ. உயரமுள்ள மெத்தை ஒன்று கிட்டத்தட்ட 1.9 கிலோ ஆகிவிடும். அடிப்பாதியை மூடிய துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரையாலும் (கன மீட்டருக்கு 35 கிலோ), மேல்பாதியைக் கான்ஃபோராலும் செய்தால் 1.3 கிலோவில் முடிந்துவிடும். என் இருக்கைகள் இப்படிச் செய்தவைதான். முதுகுப் பக்கத்துக்கு இந்த விலையுயர்ந்த நுரை தேவையில்லை. அங்கே மெல்லியதாக, கெட்டியாக, இலேசாக ஒன்று போதும். முதுகு மெத்தை தடித்து மெத்தென்று இருந்தால் வேகமெடுக்கும்போது உடல் பின்னால் அமுங்கி, கை கட்டுப்பாட்டுக் கோலை விட்டு விலகும்.

கான்ஃபோர் குளிரில் விறைத்துப்போகும் என்கிறார்களே?

உண்மைதான். குளிர்ந்த காலையில் பலகைமேல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். உடல் சூடு ஏறச் சில நிமிடங்களில் இளகிவிடும். எஞ்சின் சூடேறும் நேரத்துக்குள் அதுவும் சூடேறிவிடுகிறது என்பதால் நான் இதைக் குறையாகவே நினைப்பதில்லை. ஆனால் இருக்கையின் உயரத்தைக் கோடையில் அளந்து முடிவு செய்திருந்தால் குளிர்காலத்தில் தலை விதானத்தில் (காக்பிட்டின் மேல்மூடியில்) இடிக்கலாம். மெத்தை விறைத்திருக்கும்போதும் தலைக்கு மேல் இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

நுரையும் எரியும்தானே?

எரியும். பாலியூரிதேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். 1983 ஜூனில் ஏர் கனடா விமானம் 797 நடுவானில் தீப்பிடித்துச் சின்சினாட்டியில் இறங்கியது. உள்ளே இருந்த 46 பேரில் 23 பேர், இறங்கிய பிறகும் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, பயணிகள் விமான இருக்கைகளில் நுரையைச் சுற்றித் தீத்தடுப்பு உறை போட வேண்டும் என்று அமெரிக்கா விதி கொண்டுவந்தது. துணிக்கும் நுரைக்கும் நடுவே அராமிட் என்ற தீயைத் தாங்கும் இழையாலான மெல்லிய உறை ஒன்றைப் போட்டால் நுரைக்குத் தீ எட்டத் தாமதமாகும். இரண்டு இருக்கைக்கும் சேர்த்துச் சில நூறு கிராம்தான். அந்த எடையை நான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.

பக்கச்சுவர்ப் பலகைகளுக்கு எதைப் பயன்படுத்தலாம்?

எடையை ஒப்பிட்டாலே பதில் கிடைத்துவிடும். 3 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடு சதுர மீட்டருக்கு 3 கிலோவைத் தாண்டும். 3 மி.மீ. ப்ளைவுட் சுமார் 2 கிலோ. அரை மி.மீ. அலுமினியத் தகடு 1.4 கிலோ. இரண்டடுக்கு ஃபைபர்கிளாஸ் துணியை எபாக்சியில் நனைத்து நீங்களே வார்த்தால் ஒரு கிலோவுக்குள் முடிக்கலாம். வளைவுக்கும் இசைந்து கொடுக்கும். துணியை நேரே சுவரில் ஒட்டிவிடும் யோசனை பலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது.

பலகையே தேவையா என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகப் பெயின்ட் அடித்த உட்சுவர் அழகுதான். முழங்கையும் முட்டியும் படும் இடத்தில் மட்டும் பலகை வைத்தவர்கள் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. 1927இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய சார்லஸ் லிண்ட்பர்க் எடையைக் குறைக்கப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பறந்தார்.

தரை விரிப்பு?

மெல்லியது, கழற்றக்கூடியது, ஓரம் மடித்துத் தைத்தது. ஓரம் சுருண்டால் சுக்கான் மிதிக்குள் போய்ச் சிக்கும். இறங்கும்போது அப்படிச் சிக்கினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. மிதிக்கு முன்னால் விரிப்பே வேண்டாம். குதிகால் உரசும் இடத்தில் மட்டும் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்தால் பல ஆண்டு உழைக்கும். கட்டுப்பாட்டுக் கோலின் அடியைச் சுற்றிப் போடும் துணிப்பையும் இதே கவனத்தைக் கேட்கிறது: கோலை எல்லாப் பக்கமும் கடைசிவரை தள்ளிப் பார்த்து, எங்கும் இழுக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இரைச்சலைக் குறைக்க உள்ளே என்ன ஒட்டலாம்?

பலர் இதில்தான் கிலோக்கணக்கில் ஏற்றி ஏமாறுகிறார்கள். எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் எழுப்புவது தாழ்ந்த, கனத்த ஒலி. அதைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால்தான் கோட்பாட்டின்படி 6 டெசிபல் குறையும். இலேசான நுரை அந்த ஒலியை ஒன்றும் செய்யாது. உயர்ந்த சுருதியில் வரும் காற்றின் சீறலை மட்டும் குறைக்கும். எனவே முதலில் கதவு, விதானம், தீச்சுவர் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) துளைகள் ஆகியவற்றில் காற்று நுழையும் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். எடையே இல்லாமல் கிடைக்கும் பலன் இதுதான். அடுத்து, தட்டினால் டமாரம்போல் அதிரும் தகடுகளின் நடுவில் மட்டும் அதிர்வடக்கும் பட்டையைச் சிறு துண்டாக ஒட்டுங்கள். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. மீதியை நல்ல ஹெட்செட் பார்த்துக்கொள்ளும்.

நுரை வேண்டும் என்றால் மெலமின் நுரையைப் பாருங்கள். கன மீட்டருக்கு 10 கிலோ அளவுதான். சுடர் பட்டால் கருகுமே தவிர உருகிச் சொட்டாது. எளிதில் உதிரும் என்பதால் துணி உறைக்குள் வைக்க வேண்டும்.

பளபளக்கும் வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு விரிப்பு இலேசாக இருக்கிறதே?

அதைப் பார்த்தால் எனக்கு ஸ்விஸ்ஏர் 111 நினைவுக்கு வருகிறது. 1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அருகே கடலில் விழுந்த அந்தப் பயணிகள் விமானத்தில் 229 பேர் இறந்தார்கள். விமானி அறைக்கு மேலே மின்கம்பியில் எழுந்த பொறி, உலோகம் பூசிய பாலியெஸ்டர் படலம் போர்த்திய காப்பு விரிப்பைப் பற்றியதாக விசாரணை கண்டறிந்தது. அந்தப் படலம் அன்றைய 12 விநாடிச் செங்குத்துச் சோதனையில் தேறியதுதான். பிறகு அந்த வகைப் படலத்தை விமானங்களிலிருந்து அகற்ற உத்தரவு வந்தது. காப்பு விரிப்புகளுக்கென்று தனியாகக் கடுமையான சோதனையும் வந்தது.

கட்டடத்துக்கு விற்கும் வெள்ளித்தாள் விரிப்புகளில் பல, பாலிஎத்திலீன் குமிழ்களின் மேல் உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியவை. ஒரு துண்டை எரித்துப் பாருங்கள். அதை மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் வைக்கத் துணிய மாட்டீர்கள்.

பசையில் கவனிக்க வேண்டியது என்ன?

முதலாவது, பசைக்கும் எடை உண்டு. ஒட்டுவதற்கு முன்பும் காய்ந்த பின்பும் பலகையை நிறுத்துப் பாருங்கள்; முதல் முறை எனக்குத் துணியின் எடையில் கால்வாசி பசையிலேயே போயிருந்தது. முழுப் பரப்புக்கும் பூசாமல் ஓரங்களை மடித்து ஒட்டினால் பெரும்பாலான இடங்களில் போதும்.

இரண்டாவது, கரைப்பான் கலந்த பசையின் ஆவி அக்ரிலிக் விதானத்தில் பட்டால் நுண்ணிய விரிசல்கள் விழும். தெர்மோகோலைக் கரைத்தே விடும். எனவே ஒட்டும் வேலையை விமானத்துக்கு வெளியே செய்யுங்கள். மூன்றாவது, வெயிலில் மூடி நிற்கும் காக்பிட் அடுப்புபோல் கொதிக்கும். சாதாரணத் தெளிப்புப் பசை அந்தச் சூட்டில் இளகி, கூரைத் துணி தொப்பென்று தலையில் தொங்கும். வெப்பம் தாங்கும் வகை என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

தையல் நூல்?

பாலியெஸ்டர் நூல். நைலான் நூல் வலுவானதுதான், ஆனால் வெயிலின் புறஊதாக் கதிரில் சீக்கிரம் இற்றுப்போகும். பருத்தி நூல் வேண்டாம்.

துணிக்குப் பின்னால் துரு பிடிக்கும் என்பது உண்மையா?

உண்மை. திறந்த துளை நுரையும் கம்பளமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியத் தகட்டோடு அவை ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புப்போல் வெள்ளை பூத்து உலோகம் அரிபடும். எஃகுக் குழாய்ச் சட்டத்தில் துரு. மரத்தில் உளுப்பு. துணியைத் தூக்கிப் பார்க்கும்வரை தெரியாது. அதனால்தான் எதையும் சுவரில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள் என்கிறேன். ஆண்டுச் சோதனையின்போது இறக்கைத் தண்டின் போல்ட், கட்டுப்பாட்டுக் கம்பிகள், எரிபொருள் குழாய் இவற்றை ஆய்வாளர் பார்க்க வேண்டும். உள்துணி முழுவதும் அரை மணி நேரத்தில் ஒரு திருப்புளியோடு கழன்று வர வேண்டும் என்று நான் எனக்கே விதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கழற்றி மாட்ட வெல்க்ரோவா, காந்தமா?

வெல்க்ரோ நன்று, அதன் பின்பக்கப் பசை சூட்டில் கழன்றுவிடும் என்பதால் துணிப்பக்கத்தில் தைத்துவிடுங்கள். மெத்தை கழன்று கோலின்மேல் விழாத அளவுக்குப் பிடிப்பு வேண்டும். காந்தப் பொத்தான்களை நெருங்கவே விடாதீர்கள். திசைகாட்டியையும் மின்னணுக் கருவிகளின் காந்த உணரியையும் குழப்பிவிடும்.

எந்த நிறம்?

கருவிப் பலகையின் மேல்மூடி மட்டும் கறுப்பு அல்லது அடர்சாம்பல், பளபளப்பு அறவே இல்லாமல். வெளிர் நிறம் போட்டால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து எதிரே வரும் விமானத்தை மறைக்கும். மற்ற இடங்களில் நடுத்தரச் சாம்பல், மண்நிறம் போன்றவை வெயிலுக்கு இதம். முழுக் கண்ணாடி விதானத்தின் கீழ் கறுப்பு இருக்கை என்பது கோடையில் தண்டனை.

நானே தைக்கலாமா?

தாராளமாக. தடித்த துணி தைக்கும் எந்திரமும் பொறுமையும் போதும். பழைய போர்வையிலோ மலிவுத் துணியிலோ முதலில் ஓர் உறையைத் தைத்து, இருக்கையில் மாட்டி, பட்டையும் கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிருஷ்ட எலும்பு உறுத்தும் இடமும், தொடையின் அடியில் இரத்த ஓட்டம் தடைபடும் இடமும் பத்து நிமிடத்தில் தெரியாது, அரை மணியில் தெரிந்துவிடும். அதன் பிறகு நல்ல துணியை வெட்டுங்கள்.

முதல் பறப்புக்கு முன்பே உள்துணியை முடித்துவிட வேண்டுமா?

வேண்டாம். சோதனைப் பறப்புக் காலத்தில் எதையாவது திறந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பீர்கள். சரியான மெத்தையும் பட்டையும் இருந்தால் போதும். மெத்தையை மட்டும் தற்காலிகமாகச் செய்யாதீர்கள், ஆபத்து அதிகமுள்ள காலம் அதுதான். மீதியைப் பிறகு போடுங்கள். போட்டு முடித்த அன்றே விமானத்தைத் தராசில் ஏற்றி மறுபடி நிறுத்து, புதிய வெற்று எடையையும் ஈர்ப்பு மையத்தையும் ஏட்டில் எழுதுங்கள். மாதிரித் துண்டுகளின் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தராசுக்கு ஈடாகாது. என் இரண்டாவது விமானத்தில் நான் போட்ட கணக்கு 9.4 கிலோ; தராசு காட்டியது 10.1.

கம்பளியை அந்துப்பூச்சி அரிக்காதா?

நெடுநாள் இருட்டில் மூடிக் கிடந்தால் அரிக்கும். பூச்சித்தடுப்பு செய்த துணியைக் கேட்டு வாங்கலாம். அடிக்கடி பறக்கும் விமானத்தில், வெயிலும் காற்றும் படுவதால், நான் இதுவரை ஒரு துளையும் கண்டதில்லை. பல மாதம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் உறைகளைக் கழற்றி, தூசு தட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.